மிட்டாய் நகர்த்தி மவுஸ் பழகலாம்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீட்டில் முதல் வாரம் என்ன நடக்கும்? பெட்டியைப் பிரித்து மேஜை மேல் வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, சுவிட்சைப் போடுவார்கள். திரையில் அழகாக ஒரு படம் வரும். அடுத்து என்ன செய்வது என்று தெரியாது. ஏதாவது தொட்டால் கெட்டுவிடுமோ என்று பயந்து, மேலே ஒரு துணியைப் போட்டு மூடி வைத்துவிடுவார்கள்.

நெய்வேலி டவுன்ஷிப்பில் என் அக்கா வீட்டிலும் இதே கதைதான். மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். அப்பாவும் அம்மாவும் பேத்தியைப் பெரிய திரையில் பார்த்துப் பேசட்டும் என்று விண்டோஸ் 11 உள்ள ஒரு கம்ப்யூட்டரை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனான். மாமா நிலக்கரிச் சுரங்கத்தில் பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டர் ஓட்டியவர். பல மாடி உயரம் உள்ள அந்த இயந்திரத்தை கேபினில் உட்கார்ந்து அங்குலக் கணக்கில் நகர்த்திய கை அது. ஆனால் உள்ளங்கை அளவுள்ள மவுஸ் அவருக்கு அடங்கவில்லை. அம்புக்குறி ஒரு பக்கம் ஓடும், அவர் கண் இன்னொரு பக்கம் தேடும்.

“அவ்வளவு பெரிய இரும்பு என் பேச்சைக் கேட்டுச்சு மாப்ளே, இந்த எலிக்குஞ்சு கேக்க மாட்டேங்குதே” என்றார்.

மாலை நேரங்களில் அக்கம்பக்கத்தில் உள்ளவர்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுப்பது என் வழக்கம். பாடமாகச் சொன்னால் மாமா உட்கார மாட்டார் என்று தெரியும். எனவே ஒரு விளையாட்டைப் போட்டுக் கொடுத்தேன். அதுதான் கேண்டி கிரஷ் சாகா. அதில் அவர் கற்றதையும், நடுவில் நாங்கள் பட்ட ஒரு பாட்டையும் சேர்த்து இங்கே சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் துணி மூடிய கம்ப்யூட்டர் ஒன்று இருந்தால் இது உதவும்.

விளையாட்டில் பாடமா?

இது புதிய யோசனை இல்லை. 1990ல் வந்த விண்டோஸ் 3.0 தொகுப்பில் சாலிடேர் என்ற சீட்டு விளையாட்டு இருந்தது. அந்தக் காலத்தில் மவுஸ் பலருக்கும் புதிது. சீட்டைப் பிடித்து இழுத்து இன்னொரு சீட்டின் மேல் விடும்போது, ‘டிராக் அண்ட் டிராப்’ என்ற வேலையை அவர்கள் அறியாமலேயே கற்றுக்கொண்டார்கள். 1992ல் விண்டோஸ் 3.1 உடன் வந்த மைன்ஸ்வீப்பர், இடது பட்டனுக்கும் வலது பட்டனுக்கும் உள்ள வேறுபாட்டைப் பழக்கியது.

மாமாவிடம் மைன்ஸ்வீப்பர் என்றதும், “மைன் ஒண்ணா, ரெண்டா?” என்று கேட்டார். நெய்வேலிக்காரருக்கு மைன் என்றால் சுரங்கம்தான். அது கண்ணிவெடி என்று சொன்னதும், “அது வேண்டாம், மிட்டாயே இருக்கட்டும்” என்றுவிட்டார்.

ஒரே மாதிரி உள்ளவற்றைச் சேர்த்து அழிக்கும் விளையாட்டுகளுக்கும் நீண்ட வரலாறு உண்டு. 1985ல் ஜப்பானில் செயின் ஷாட் வந்தது. 1994ல் ரஷ்யாவைச் சேர்ந்த யூஜின் அலெம்ஜின் டாஸ் இயக்கத்தில் ஷாரிகி என்ற விளையாட்டை எழுதினார். பக்கத்துப் பக்கத்துப் பந்துகளை இடம் மாற்றி மூன்றை ஒரே வரிசையில் சேர்க்கும் முறை அதில்தான் வந்தது. 2001ல் பாப்கேப் நிறுவனத்தின் பிஜுவல்டு இந்த முறையை உலகெங்கும் பரப்பியது. அதில் பந்துக்குப் பதில் ரத்தினக் கற்கள். 2012 ஏப்ரலில் கிங் என்ற நிறுவனம் கற்களுக்குப் பதில் மிட்டாய்களை வைத்து கேண்டி கிரஷ் சாகாவை முதலில் பேஸ்புக்கிலும், அதே ஆண்டு இறுதியில் மொபைல் போன்களிலும் வெளியிட்டது. 2016ல் கிங் நிறுவனத்தை ஆக்டிவிஷன் பிளிசார்ட் சுமார் 590 கோடி டாலருக்கு வாங்கியது. 2023 அக்டோபரில் ஆக்டிவிஷனையே மைக்ரோசாப்ட் வாங்கிவிட்டது. மிட்டாய் விற்ற காசு எவ்வளவு என்று இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

முதலில் மவுஸைச் சரி செய்யுங்கள்

விளையாட்டுக்கு முன்னால் ஒரு சிறு வேலை. புதியவர்களுக்கு அம்புக்குறி மிக வேகமாக ஓடுவதுதான் முதல் தொல்லை. ஸ்டார்ட் பட்டனை அழுத்தி செட்டிங்ஸ் செல்லவும். இடது பக்கம் ‘புளூடூத் அண்ட் டிவைசஸ்’ என்று இருக்கும். அதில் ‘மவுஸ்’ என்பதைத் தேர்ந்தெடுக்கவும். ‘மவுஸ் பாயின்டர் ஸ்பீட்’ என்ற இடத்தில் உள்ள குமிழை இடது பக்கம் கொஞ்சம் நகர்த்தினால் வேகம் குறையும். இடது கைப் பழக்கம் உள்ளவர்கள் அதே இடத்தில் முதன்மை பட்டனை வலதாக மாற்றிக்கொள்ளலாம்.

அம்புக்குறி கண்ணுக்குத் தெரியவில்லையா? செட்டிங்ஸில் ‘அக்சசிபிலிட்டி’ சென்று, ‘மவுஸ் பாயின்டர் அண்ட் டச்’ பிரிவில் அதன் அளவைப் பெரிதாக்குங்கள். நிறத்தையும் மாற்றலாம். மாமாவுக்கு மஞ்சள் நிறத்தில் பெரிய அம்புக்குறி வைத்துக் கொடுத்தேன். அன்றைக்கே பாதிச் சண்டை தீர்ந்தது.

எங்கிருந்து எடுப்பது?

2015ல் விண்டோஸ் 10 வெளியானபோது பல கம்ப்யூட்டர்களில் இந்த விளையாட்டும் கூடவே வந்தது. உங்களிடம் இல்லையென்றால், டாஸ்க் பாரில் கடைப் பை போன்ற படம் உள்ள ‘மைக்ரோசாப்ட் ஸ்டோர்’ ஐகானில் கிளிக் செய்யுங்கள். மேலே உள்ள தேடும் கட்டத்தில் விளையாட்டின் பெயரை டைப் செய்யுங்கள். பட்டியலில் ஒரே மாதிரிப் பெயர் உள்ள பல விளையாட்டுகள் வரும். வெளியிட்ட நிறுவனம் கிங்தானா என்று பார்த்த பிறகே ‘கெட்’ அல்லது ‘இன்ஸ்டால்’ பட்டனை அழுத்தவும். கட்டணம் எதுவும் இல்லை.

வேறு எந்தத் தளத்திலிருந்தும் இதை டவுன்லோட் செய்யாதீர்கள். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

எப்படி விளையாடுவது?

திரையில் கட்டம் கட்டமாக மிட்டாய்கள் இருக்கும். மொத்தம் ஆறு நிறங்கள். ஒரு மிட்டாய் மேல் அம்புக்குறியை வைத்து, இடது பட்டனை அழுத்திப் பிடித்தபடி பக்கத்துக் கட்டத்துக்கு இழுத்து விடுங்கள். இரண்டும் இடம் மாறும். அப்படி மாறும்போது ஒரே நிறத்தில் மூன்று நேர்வரிசையில் சேர்ந்தால் அவை மறையும். சேராவிட்டால் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். மூலைவிட்டமாக நகர்த்த முடியாது.

மூன்று மறைந்த இடம் காலியாக இருக்காது. மேலே உள்ளவை சரிந்து விழும், புதியவை உச்சியிலிருந்து வரும். விழுகிறபோது தற்செயலாக இன்னும் மூன்று சேர்ந்தால் அவையும் மறையும்.

ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு குறிக்கோள் உண்டு. ஜெல்லியை நீக்கு, குறிப்பிட்ட பொருளைக் கீழே இறக்கு, இத்தனை மிட்டாய் சேர் என்று இருக்கும். எத்தனை முறை நகர்த்தலாம் என்ற எண்ணும் திரையில் தெரியும். அந்த எண் பூஜ்யம் ஆவதற்குள் முடிக்க வேண்டும். என்ன செய்வதென்று தெரியாமல் சில விநாடிகள் சும்மா இருந்தால், சேரக்கூடிய மிட்டாய்கள் தாமாகவே ஆடிக் காட்டும்.

மூன்றுக்கு மேல் சேர்த்தால் சிறப்பு மிட்டாய் கிடைக்கும்:

நான்கு நேராகச் சேர்ந்தால் கோடு போட்ட மிட்டாய். அதை அடுத்த முறை சேர்க்கும்போது ஒரு முழு வரிசையே காலியாகும். கோடு படுக்கையாக இருந்தால் படுக்கை வரிசை, செங்குத்தாக இருந்தால் செங்குத்து வரிசை.

ஐந்து மிட்டாய்கள் இரண்டு வரிசைகள் கூடுகிற மூலை வடிவில் சேர்ந்தால் காகிதம் சுற்றிய மிட்டாய். அது வெடித்துத் தன்னைச் சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களையும் காலி செய்யும்.

ஐந்து ஒரே கோட்டில் சேர்ந்தால் கலர் பாம். அதை எந்த நிற மிட்டாயுடன் இடம் மாற்றுகிறோமோ, அந்த நிறம் முழுவதும் திரையை விட்டுப் போய்விடும்.

சிறப்பு மிட்டாய் இரண்டு பக்கத்தில் வந்தால் அவற்றையே ஒன்றோடொன்று இடம் மாற்றலாம். கோடு போட்டதும் காகிதம் சுற்றியதும் சேர்ந்தால் மூன்று படுக்கை வரிசை, மூன்று செங்குத்து வரிசை காலி. இரண்டு கலர் பாம் சேர்ந்தால் திரை மொத்தமும் காலி.

சுரங்கத்துக்கு நேர்மாறு

முதல் நாள் மாமா எப்போதும் மேல் வரிசையிலேயே மிட்டாய் சேர்த்துக்கொண்டிருந்தார். காரணம் கேட்டேன். “மேல்மண்ணை எடுத்தாத்தானே கீழ கரி கிடைக்கும்?” என்றார். நெய்வேலியில் வேலை செய்தவருக்கு அதுதான் இயல்பு. இங்கே நிலக்கரிக்கு மேல் மண் கிடக்கிறது. அதை அடுக்கடுக்காக எடுத்துவிட்டுத்தான் பழுப்பு நிலக்கரியைத் தொட முடியும்.

“இது உங்க சுரங்கத்துக்கு நேர்மாறு மாமா. கீழே எடுங்க, மேலே இருக்கிறது தானா சரியும். சரியும்போது இன்னும் நாலு தானா சேரும்” என்றேன். உங்களுக்கும் இதுதான் முதல் யோசனை. வேறு அவசரம் இல்லாதபோது கீழ் வரிசைகளில் சேருங்கள். மேல் வரிசையில் சேர்த்தால் கீழே எதுவும் அசையாது.

இரண்டாவது யோசனை, அவசரப்படாமல் இருப்பது. நகர்த்தும் எண்ணிக்கைக்குத்தான் கணக்கு. ஒரு நிமிடம் பார்த்து நான்கு சேரும் இடத்தைத் தேடுங்கள். பல்லாங்குழியில் காயை எடுப்பதற்கு முன் எந்தக் குழியில் முடியும் என்று எண்ணிப் பார்ப்போமே, அதே போலத்தான்.

மூன்றாவது, தோற்றால் வருத்தப்படாதீர்கள். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த டோபி வால்ஷ் என்ற கம்ப்யூட்டர் விஞ்ஞானி 2014ல் இந்த விளையாட்டை ஆராய்ந்து, பொதுவான வடிவில் இது ‘என்.பி. ஹார்ட்’ வகையைச் சேர்ந்த கணக்கு என்று நிறுவினார். எளிதாகச் சொன்னால், பலகை பெரிதாகப் பெரிதாக எந்தப் பலகைக்கும் சிறந்த விடையை விரைவாகக் கண்டுபிடிக்கும் வழி கம்ப்யூட்டருக்கே இதுவரை தெரியாது.

இரண்டு வாரத்தில் மாமாவின் கை நின்றது. மிட்டாயை இழுத்தவர், கேமராவிலிருந்து வந்த போட்டோக்களை ஒரு போல்டரில் இருந்து இன்னொரு போல்டருக்கு இழுத்துப் போட்டார். வீடியோ அழைப்பு வந்தால் பச்சைப் பட்டனைத் தானே கிளிக் செய்தார். பேத்தியிடம், “தாத்தா இப்ப 40வது லெவல்” என்று பெருமையாகச் சொன்னார்.

இலவசம் என்றால் எப்படி?

விளையாட்டில் ஐந்து உயிர்கள் தருவார்கள். தோற்கும்போதெல்லாம் ஒன்று போகும். ஒரு உயிர் திரும்ப வர 30 நிமிடம் ஆகும். காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்கள் பணம் கொடுத்து தங்கக் கட்டி வாங்கித் தொடரலாம். கம்பெனிக்கு வருமானம் வரும் வழிகளில் முக்கியமானது இதுதான்.

ஒரு பைசா செலவழிக்காமலும் விளையாடலாம். உயிர் தீர்ந்தால் எழுந்து காபி குடியுங்கள். கண்ணுக்கும் முதுகுக்கும் நல்லது. குழந்தைகள் தொடும் கம்ப்யூட்டராக இருந்தால், மைக்ரோசாப்ட் அக்கவுண்ட்டில் கார்டு எண்ணைச் சேமித்து வைக்காதீர்கள். குழந்தைக்குத் தனி அக்கவுண்ட் உருவாக்கிக் கொடுப்பது இன்னும் நல்லது.

அன்று இரவு நடந்தது

மாமாவுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. ஒரு நாள் இரவு உயிர்கள் தீர்ந்துவிட்டன. பிரவுசரைத் திறந்து, அளவில்லாத உயிர் இலவசமாகக் கிடைக்குமா என்று தேடியிருக்கிறார். பெயர் தெரியாத ஒரு தளம் வந்தது. அதில் பெரிதாக ஒரு பச்சை டவுன்லோட் பட்டன். கிளிக் செய்தார்.

திரை முழுக்கச் சிவப்பாக மாறியது. சைரன் ஒலித்தது. உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்துவிட்டது, அணைத்தால் எல்லாம் அழிந்துவிடும், உடனே இந்த எண்ணில் பேசுங்கள் என்று எச்சரிக்கை. மகன் வாங்கிக் கொடுத்ததைக் கெடுத்துவிட்டோமே என்று மாமா நடுங்கிப்போய் அந்த எண்ணுக்குப் பேசினார். எதிர்முனையில் இருந்தவன் மரியாதையாக ஆங்கிலத்தில் பேசினான். ஒரு புரோகிராமை இன்ஸ்டால் செய்யச் சொன்னான். அதன் மூலம் இவருடைய திரையை அவன் அங்கிருந்தே பார்த்து இயக்க முடிந்தது. பிறகு, பேங்க் பணம் பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், நெட் பேங்கிங்கில் நுழையுங்கள் என்றான்.

மாமா ஓய்வு பெற்றுச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுப் போக, வடலூர் பக்கம் ஒரு வீடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை வருட உழைப்பின் பணமும் அந்தக் கணக்கில்தான் இருந்தது.

அக்காவுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனால், “மிட்டாய் விளையாட்டுக்கும் பேங்குக்கும் என்னங்க சம்பந்தம்?” என்று கேட்டாள். கேட்டுவிட்டு எனக்குப் போன் செய்தாள். நான் இருப்பது இரண்டு வட்டம் தள்ளி. “முதல்ல மோடத்தோட சுவிட்சை அணைக்கா” என்று சொல்லிவிட்டு பைக்கை எடுத்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது மாமா பாஸ்வேர்டில் பாதியை டைப் செய்த நிலையில் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பணம் போகவில்லை.

ஆனால் அதற்குப் பிறகு பத்து நாள் அவர் கம்ப்யூட்டர் பக்கமே வரவில்லை. துணி மறுபடியும் மேலே ஏறியது. பேத்தி வீடியோவில் கூப்பிட்டால், அக்காவின் போனில் முகத்தைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். அவரை ஏமாற்றப் பார்த்தவன் மீது வந்த கோபத்தைவிட, தான் ஏமாந்தோமே என்ற வெட்கம்தான் அவரிடம் அதிகம்.

ஒரு மாலை அவரே கேட்டார்: “மாப்ளே, சுரங்கத்துல கன்வேயர் பெல்ட் ஓரமா நெடுக ஒரு கயிறு ஓடும். ஆபத்துன்னா யாரா இருந்தாலும் அதைப் பிடிச்சு இழுக்கலாம், பெல்ட் நின்னுடும். அப்புறம்தான் என்ன ஏதுன்னு பார்ப்போம். உன் கம்ப்யூட்டர்ல அப்படி ஒரு கயிறு இருக்கா?”

இருக்கிறது. அன்று அவருக்கு எழுதிக் கொடுத்ததையே உங்களுக்கும் தருகிறேன்.

கம்ப்யூட்டரின் கயிறு

1. திரையை அடைத்துக்கொண்டு எச்சரிக்கை வந்தால் அது பெரும்பாலும் ஒரு இணையப் பக்கம்தான். ஆல்ட் கீயை அழுத்திக்கொண்டு எப்4 கீயைத் தட்டுங்கள். பிரவுசர் மூடிவிடும்.

2. மூடவில்லையென்றால் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். பிரவுசரின் பெயரைத் தேர்ந்தெடுத்து ‘எண்ட் டாஸ்க்’ கொடுங்கள். மீண்டும் பிரவுசரைத் திறக்கும்போது பழைய பக்கங்களைத் திறக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

3. எதுவும் புரியாவிட்டால் மோடத்தின் சுவிட்சை அணையுங்கள். நெட் இல்லாமல் வெளியாள் யாரும் உங்கள் திரையைத் தொட முடியாது. கம்ப்யூட்டரின் பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தாலும் அது அணையும். மிரட்டலில் சொன்னபடி எதுவும் அழிந்துவிடாது.

4. எச்சரிக்கையில் போன் எண் இருந்தால் அது பொய். மைக்ரோசாப்ட் தன் எச்சரிக்கைச் செய்திகளில் போன் எண் தருவதில்லை.

5. முன்பின் தெரியாதவர் சொல்லி எந்த புரோகிராமையும் இன்ஸ்டால் செய்யாதீர்கள். செய்திருந்தால் நெட்டைத் துண்டித்து, அதை நீக்கிவிட்டு, ‘விண்டோஸ் செக்யூரிட்டி’ திறந்து முழு ஸ்கேன் ஓடவிடுங்கள். பேங்க் பாஸ்வேர்டை வேறொரு கம்ப்யூட்டரில் அல்லது போனில் மாற்றுங்கள்.

6. பணம் போயிருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். இது இந்தியா முழுவதற்குமான சைபர் குற்ற உதவி எண். உங்கள் பேங்குக்கும் உடனே தெரிவியுங்கள். விரைவாகச் சொன்னால் பணத்தை வழியிலேயே நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.

7. வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். வீட்டில் யாரிடமாவது சொல்லுங்கள். எங்கள் வீட்டில் பணத்தைக் காப்பாற்றியது அக்காவின் ஒரு கேள்விதான்.

மாமா இந்தப் பட்டியலைப் பெரிய எழுத்தில் எழுதி, கம்ப்யூட்டருக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டினார். அதன் கீழே ஒரு சிவப்புக் கயிறையும் ஆணியில் கட்டித் தொங்கவிட்டார். அதை இழுத்தால் எதுவும் ஆகாது. ஆனால் பார்த்தால் ஞாபகம் வரும் அல்லவா?

துணி எடுக்கப்பட்டது. இப்போது மாமா மைக்ரோசாப்ட் ஸ்டோரைத் தாண்டி எதையும் டவுன்லோட் செய்வதில்லை. உயிர் தீர்ந்தால் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றப் போகிறார். ஞாயிற்றுக்கிழமை பேத்தியும் அவரும் ஆளுக்கொரு கம்ப்யூட்டரில் விளையாடிக்கொண்டே பேசுகிறார்கள். பேத்தி இப்போது அவரைவிட முப்பது லெவல் முன்னால் இருக்கிறாள். வடலூர் வீட்டுக்குப் போகும்போது முதலில் எதை எடுத்து வைப்பது என்று அக்கா கேட்டதற்கு, அவர் கம்ப்யூட்டரைக் காட்டினார். அந்தக் கயிறையும் மறக்காமல் எடுக்கச் சொன்னார்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் மவுஸ் வேகத்தைக் குறைத்து ஒரு விளையாட்டைப் போட்டுக் கொடுங்கள். கூடவே கயிறு எங்கே இருக்கிறது என்பதையும் முதல் நாளே காட்டிக் கொடுங்கள்.